ஒழுகும் இடம் ஒன்று, ஊறும் இடம் ஒன்று: பழைய அம்பாசிடரில் கூலன்ட் கசிவு

காலையில் காரை வெளியே எடுத்த பிறகு பார்த்தால், அது நின்ற இடத்தில் உள்ளங்கை அளவு ஈரம். தொட்டால் வழவழப்பு. முகர்ந்தால் லேசான இனிப்பு வாடை. வெயில் ஏறி அது காய்ந்ததும் தரையில் வெளிர்பச்சையாகவோ துருநிறமாகவோ ஒரு தடம் தங்கிவிடுகிறது. பழைய கார் வைத்திருக்கும் எவரும் என்றாவது ஒருநாள் குனிந்து இந்த ஈரத்தைப் பார்த்திருப்பார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் எங்கிருந்தோ தப்பி வெளியே வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அப்பாவின் காரோ தாத்தாவின் காரோ புதிதாகக் கைக்கு வந்து, இந்த ஈரத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் கார் அம்பாசிடர். எங்கள் வீட்டில் நிற்பது அதுதான். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட கார் அது. அதன் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எம்ஜிபி என்னும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் இதே குடும்பத்தில் பிறந்த 1798 சிசி எஞ்சின்தான். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக், அதன்மேல் மூடியாக உட்காரும் ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. பிரீமியர் பத்மினியோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை மாறாது. பாகங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் மாறும்.

முதலில் அந்த நீர் அங்கே என்ன செய்கிறது என்று பார்ப்போம். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது வாயுவின் வெப்பம் கணநேரத்துக்கு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1200 டிகிரியிலேயே உருகிவிடும். எரிபொருள் தரும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை நீர் உடனுக்குடன் வாங்கிச் செல்வதால்தான் எஞ்சின் உயிரோடு இருக்கிறது. சிலிண்டர்களைச் சுற்றியும் ஹெட்டுக்குள்ளும் நீர் ஓடும் வழிகள் வார்ப்பிலேயே விடப்பட்டிருக்கின்றன. வாட்டர் பம்ப் நீரைப் பிளாக்குக்குள் தள்ளும். அது மேலேறி ஹெட்டைக் கடந்து, தெர்மோஸ்டாட் வழியாக மேல் ஹோஸ் பைப்புக்கு வந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கிக் குளிர்ந்து, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்பவும் பம்புக்கே வரும்.

மதுரைச் சீமையில் கண்மாய் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தெர்மோஸ்டாட் என்பது மடை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அடைத்திருக்கும். நீர் சூடேறி 82 டிகிரி அளவுக்கு வந்ததும் உள்ளிருக்கும் மெழுகு விரிந்து மடையைத் திறந்துவிடும். ரேடியேட்டர் மூடி என்பது கலுங்கு. உள்ளே அழுத்தம் குறித்த அளவுக்கு மேல் போனால் மூடியிலுள்ள ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து, மிகையானதைச் சிறு குழாய் வழியே வெளியே அனுப்பும். கண்மாய் மறுகால் பாய்வது போலத்தான். மற்ற இடமெல்லாம் கரை. கரையில் எலி வளையோ வேரோ வழிவிட்டு நீர் கசிந்தால், அது ஊறும் இடத்தில் ஈரம் தெரியாது; பத்தடி தள்ளி, கரையின் அடிவாரத்தில்தான் சேறு தெரியும். காரிலும் இதுவே நடக்கிறது. புதியவர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

கண்மாய் உவமை ஓரிடத்தில் போதாது: இந்த நீர் அழுத்தத்தில் இருக்கிறது. அதற்கு வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், மூடிய அழுத்தத்தில் இன்னும் உயர்ந்த வெப்பத்தில்தான் கொதிக்கும். ஒவ்வொரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். மூடியில் 7 என்று பொறித்திருந்தால், உள்ளிருக்கும் வெறும் நீர்கூட 110 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். சித்திரை வெயிலில், அழகர் வரும் நாட்களில் தல்லாகுளம் நெரிசலில் நத்தையாக ஊர்ந்தால், இந்தப் பத்து டிகிரிதான் காரைக் காப்பாற்றுகிறது. குக்கரின் கேஸ்கெட் தளர்ந்தால் விசில் வராதது போல, எங்கேனும் ஒரு கசிவு இருந்தால் அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாவிட்டால் நீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஆகவே சொட்டுச் சொட்டாகக் கசிவதை அலட்சியம் செய்யக் கூடாது. இழப்பது அந்த அரைக் குவளை நீரை மட்டும் என்றால் பரவாயில்லை, கொதிக்காமல் தாங்கும் திறனையும் சேர்த்தே இழக்கிறோம்.

இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கை. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தம் விலகிய நொடியில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள்; விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. அது மெத்தென்றாகி, வெறுங்கையால் தொட முடிகிற வரை காத்திருங்கள். பிறகும் தடித்த துணியைப் போட்டு, கால் சுற்று மட்டும் திருப்பி முதல் படியில் நிறுத்தி, சீறல் அடங்கிய பிறகே அழுத்தித் திருப்பி எடுக்க வேண்டும். வழியில் கொதித்துவிட்ட காரில் உடனே குளிர்ந்த நீரை ஊற்றுவதும் ஆபத்து. சூடான வார்ப்பிரும்பு திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதனால் வீணாகப் பணம் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய அம்பாசிடர்களில் வழிந்த நீரைப் பிடித்துவைக்கும் தனிப் பாட்டில் கிடையாது. ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி ஓட்டினால், சூடாகி விரிந்த நீர் கலுங்கு வழியே வெளியேறித் தரையில் சொட்டும். மறுநாள் திறந்து பார்ப்பவர் ஓர் அங்குலம் குறைந்திருப்பதைக் கண்டு மறுபடியும் கழுத்து வரை ஊற்றுவார். அன்றும் சொட்டும். இது கசிவே இல்லை. நீர் தனக்கு வேண்டிய மட்டத்தைத் தானே அமைத்துக்கொள்கிறது. ஒரு வாரம் எதுவும் ஊற்றாமல், காலையில் குளிர்ந்த நிலையில் குச்சி விட்டு அளந்து குறித்துவையுங்கள். மட்டம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் கவலை இல்லை. நாள்தோறும் இறங்கிக்கொண்டே போனால் கசிவு உண்டு.

எங்கள் காரில் அது இறங்கிக்கொண்டே போனது. முன்பக்கம், கீழ் ஹோஸின் கிளிப்பிலிருந்து சொட்டியது. பார்த்தவர்கள் எல்லாரும் கீழ் ஹோஸ் என்றார்கள். நகரத்தின் ஒரு பட்டறையில் ஹோஸை மாற்றினார்கள், சொட்டியது. கிளிப்பை மாற்றினார்கள், அப்போதும் சொட்டியது. இன்னொரு புது ஹோஸ் போட்டுச் சரியாகிவிட்டது என்று அனுப்பினார்கள். அந்த வாரம் குடும்பத்தோடு திண்டுக்கல் வழியாகச் சிறுமலைக்குப் போனோம். 18 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. மரநிழலில் ஒதுக்கி, பானட்டைத் திறந்துவைத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வந்தபின் ரேடியேட்டர் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் சொட்டும் இடத்தைப் பார்க்கவே இல்லை. "தம்பி, தண்ணீர் மேலே ஏறாது. சொட்டுகிற இடத்திலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போங்கள். எது வரைக்கும் ஈரம் இருக்கிறதோ அதுதான் இடம்" என்றார். துணியால் எல்லாவற்றையும் துடைத்து, டால்கம் பவுடரை மெல்லத் தூவிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். பத்து நிமிடத்தில் பவுடரில் ஒரு மெல்லிய கோடு விழுந்தது. அது ஹெட்டின் முன்முனையில் இருக்கும் தெர்மோஸ்டாட் மேல்மூடியின் அடியில் தொடங்கி, பம்பின் மேல் வழிந்து, கீழ் ஹோஸின் கிளிப்புக்கு வந்து அங்கே முத்தாகத் திரண்டு சொட்டியது. மூன்று முறை மாற்றிய பொருட்களில் எதிலும் பழுதே இருந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து எதையும் கழற்றுவதற்கு முன் கண்டுபிடிப்பதற்கே நேரத்தைக் கொடுக்கிறேன். இரவு முழுக்க நின்ற காரில், விடியற்காலையில், டார்ச்சோடு தொடங்குங்கள். குளிர்ந்த இரும்பு சுருங்கியிருக்கும். சில கசிவுகள் அப்போது மட்டுமே தெரியும், சூடானதும் இடைவெளி மூடிக்கொள்ளும். வேறு சில அழுத்தத்தில் மட்டுமே தெரியும், ஆனால் சூட்டில் விழும் துளி அந்த இடத்திலேயே ஆவியாகி, வெள்ளையாகவோ துருநிறமாகவோ பொருக்கு மட்டும் மிஞ்சும். இதற்கு நல்ல வழி பிரஷர் டெஸ்டர். சைக்கிள் பம்பு போன்ற கைக்கருவி. அளவுமானியோடு ரேடியேட்டர் கழுத்தில் மூடிக்குப் பதிலாகப் பொருந்தும். எஞ்சின் குளிர்ந்திருக்க, மூடியில் பொறித்த அளவு வரை மட்டும் அடித்துவிட்டுக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. விசிறி சுழலாமல், சூடு இல்லாமல், அமைதியாகச் சுற்றி வந்து தேடலாம். பழைய ரேடியேட்டரில் மூடியின் அளவைத் தாண்டி அடித்தால் நன்றாக இருக்கும் ஈயப்பற்றும் விட்டுப்போகும்; கவனம்.

இனி, வழக்கமாகக் கசியும் இடங்கள். ஹோஸ்கள் எளியவை. குளிர்ந்திருக்கும்போது அமுக்கிப் பாருங்கள். களிமண் போலக் குழைந்தாலோ, வறண்டு நெறுநெறுவென்று வெடித்தாலோ மாற்றிவிடுங்கள். பழைய ஹோஸை உருவும்போது முறுக்கி இழுத்து ரேடியேட்டர் குழாயை நெளித்துவிடாமல், பிளேடால் நீளவாக்கில் கீறி எடுங்கள். குழாய் முனையின் துருவை எமரித் தாளால் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். புது ஹோஸ் அடிக்கடி கசிவதற்குக் காரணம் அந்தத் துருதான். கிளிப், குழாய் முனையிலுள்ள மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். ரப்பர் கிளிப்பின் பள்ளங்களில் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் அது ஹோஸையே அறுத்துவிடும்.

எங்கள் காரில் கசிந்த தெர்மோஸ்டாட் மேல்மூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கைவேலை கற்றுக்கொள்ள அது நல்ல இடம். மூன்று நட்டுகள், அடியில் ஒரு காகித பேக்கிங். ஆண்டுக்கணக்கில் வெறும் தண்ணீர் ஓடிய காரில் அந்த உலோகம் அரித்துக் குழி விழுந்திருக்கும். நட்டைக் கழற்றுவதற்கு முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயைத் தடவிவையுங்கள். இங்கே அவசரப்பட்டு, நட்டு ஏறியிருக்கும் மரையாணியான ஸ்டட்டை முறித்தால், அரைமணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். மூடி வந்ததும் பழைய பேக்கிங்கை ஒட்டுப்பொட்டு இல்லாமல் சுரண்டுங்கள். சுரண்டிய தூள் உள்ளே விழாதபடி ஓட்டையில் துணியை அடைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் எமரித் தாளை விரித்து, மூடியின் முகத்தை அதில் வட்டமாகத் தேயுங்கள். மேடு மட்டும் பளபளக்கும், பள்ளம் கறுப்பாக நிற்கும். முகம் முழுவதும் ஒரே பளபளப்பாகும் வரை தேய்க்க வேண்டும். குழி ஆழமாக இருந்தால் புது மூடிதான். இறுக்கும்போது ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மூன்றையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

மூடியைக் கழற்றியபோதே தெர்மோஸ்டாட்டையும் சோதித்துவிடலாம். நூலில் கட்டிப் பாத்திர நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கி, அதன்மேல் பொறித்த வெப்பத்தில் திறக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு இது வேண்டாம் என்று எடுத்து எறிந்துவிடும் வழக்கம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. எஞ்சின் தன் வெப்பத்தை எட்ட நெடுநேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது. உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால் நீர் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியே வெளியேறிச் செய்தி சொல்லும். அங்கே சொட்டினால் பம்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். துளையை அடைப்பவர்கள் பேரிங்கைக் கொல்கிறார்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தள்ளாட்டம் இருந்தால் பேரிங்கும் போய்விட்டது. திரும்பப் பூட்டும்போது ஃபேன் பெல்ட்டை வில்லாக இறுக்காதீர்கள். நீளமான பகுதியில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும்.

கோர் பிளக்தான் புதியவர்கள் கேள்விப்பட்டிராத இடம். பிளாக்கை வார்க்கும்போது உள்ளே நீர்வழிக்காக வைத்த மணலை வெளியே எடுக்க ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவற்றைத் தகட்டு மூடிகளால் அடைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் போட்ட பழைய காசு போல இருக்கும். துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். ஒருநாள் குண்டூசி அளவு ஓட்டை விழும். பிளாக்கின் பக்கவாட்டில் துருக்கோடு இறங்கினால் இதைச் சந்தேகியுங்கள். மாற்றுவதற்கு நீரை வடித்துவிட்டு, மூடியின் நடுவே உளியால் துளைத்து நெம்பி எடுக்க வேண்டும். உள்ளே இருந்து வரும் செம்புழுதிச் சேற்றைக் கண்டு திகைக்காதீர்கள். கம்பியாலும் நீராலும் முடிந்தவரை வெளியேற்ற அதுவே நல்ல வாய்ப்பு. ஓட்டையின் விளிம்பைத் துடைத்து, சீலன்ட் தடவிப் புதிய மூடியை அடிக்க வேண்டும். கவிழ்ந்த தட்டு வடிவ மூடி என்றால் மேடு வெளிப்பக்கம் இருக்க, நடுவில் ஒரு நிதானமான அடி. மேடு தட்டையாகும்போது விளிம்பு விரிந்து கவ்விக்கொள்ளும். கிண்ண வடிவம் என்றால் வாய் வெளிப்பக்கம் இருக்க, உள்ளே பொருந்தும் சாக்கெட்டை வைத்து நேராக இறக்க வேண்டும். வெளியே வந்தது எந்த வடிவமோ அதையே வாங்குங்கள். பித்தளையில் கிடைத்தால் விடாதீர்கள், அது துருப்பிடிக்காது. ஒன்று ஓட்டையானால் மற்றவையும் அதே வயதுதான், கைக்கு எட்டுவதை எல்லாம் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் ஈயப்பற்றும் சேர்ந்தது. இன்றைய அலுமினிய, பிளாஸ்டிக் ரேடியேட்டர்களைப் போலன்றி இதைப் பிரித்துக் கழுவிப் பற்றவைக்க முடியும். இதை வீட்டில் முயல வேண்டாம், அனுபவசாலியிடம் கொடுங்கள்.

வெளியே எங்குமே ஈரம் இல்லை, ஆனால் மட்டம் குறைகிறது என்றால், நீர் உள்ளே போகிறது. சூடான பிறகும் புகைக்குழாயில் விடாத வெண்புகை, எண்ணெய்க் குச்சியில் பால் கலந்தது போன்ற நிறம், எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் ஓயாத குமிழிகள்: இவற்றில் எது தெரிந்தாலும் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணெயில் நீர் கலந்திருந்தால் அந்தக் கணமே ஓட்டுவதை நிறுத்துங்கள். ஹெட்டைக் கழற்றுவது முதல் பாடத்துக்கு உரிய வேலை ஆகாது. தெரிந்தவரோடு நின்று பாருங்கள். நடுவிலிருந்து வெளிநோக்கி, வரிசைப்படி, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் அவர் இறுக்குகிறாரா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள்.

லாரி ஓட்டுநர்களிடையே ஒரு பழைய கைவைத்தியம் உண்டு: ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள்தூள். அது உண்மையாகவே வேலை செய்கிறது. நீரில் ஊறிய தூள் சிறு ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். நடுவழியில் குழந்தைகளோடு நிற்கும்போது நானும் அதைச் செய்வேன். ஆனால் ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. கடையில் விற்கும் கசிவடைப்பான் திரவங்களுக்கும் இது பொருந்தும். ஊர் வந்து சேர்ந்ததும் முழுவதையும் வடித்துக் கழுவி, உண்மையான இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட வேண்டும்.

இத்தனை கசிவுகளுக்கும் பெரும்பாலும் காரணம் நாம் ஊற்றும் தண்ணீர்தான் என்பதைத்தான் மனம் நொந்து சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரையின் பல வீடுகளில் போர்வெல் நீர் பாத்திரத்தில் காய்ந்தாலே வெள்ளைப் படிவு விடும். அதே உப்புத் தண்ணீரைப் பிளாஸ்டிக் குடத்தில் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். சூடான சுவரில் அது சுண்ணாம்பாகப் படிகிறது, வெப்பம் வெளியேற வழியில்லை, இரும்பு துருப்பிடிக்கிறது. உறைபனி இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருத்தடுப்பு மருந்து அதில்தான் இருக்கிறது, கொதிநிலையையும் அது சற்று உயர்த்துகிறது. பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். முன்பே கலந்தது என்று புட்டியில் எழுதியிருந்தால் நீர் சேர்க்க வேண்டாம். ஈயப்பற்று உள்ள பழைய ரேடியேட்டருக்கு, பழைய முறையிலான கனிமத் துருத்தடுப்புக் கூலன்ட்தான் பாதுகாப்பு. அது பெரும்பாலும் பச்சையாக இருக்கும், ஆனால் நிறத்தை நம்பாமல் புட்டியில் எழுதியதைப் படித்து வாங்குங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

பழையதை வடிக்கும்போது ரேடியேட்டரின் வடிகுழாய், பிளாக்கின் வடிகுழாய் இரண்டையும் திறக்க வேண்டும். பிளாக்கில் இருப்பது துருவால் அடைத்திருக்கும். கம்பியால் குத்தினால்தான் வரும். அடியில் பேசின் வைத்துப் பிடியுங்கள். கூலன்ட் இனிக்கும் நஞ்சு. தெருநாயோ ஆட்டுக்குட்டியோ கோழியோ நக்கினால் உயிர் போகும். தரையில் சிந்தியதையும் உடனே ஏராளமான நீரூற்றிக் கழுவிவிடுங்கள்.

புதியதை மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டால், தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் மட்டம் சட்டென்று இறங்கும். கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே வரை நிரப்பி மூடிவிடுங்கள். அருகில் ஒரு சுற்றுப் போய்வந்து, முழுக்கக் குளிர்ந்த பிறகு கிளிப்புகளை இன்னும் கால் சுற்று இறுக்குங்கள். அன்றிரவு காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, எஞ்சினின் முன்முனை எங்கே வருகிறது என்று பேனாவால் குறித்துவையுங்கள். மூன்று காலைகள் தாள் உலர்ந்தே இருந்தால் சிறுமலைக்குக் கிளம்பலாம்.